கரை ஆள் இல்லாத கயிறு

சௌல்தாரி ஆவுடையப்பனுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இத்தனை ஆண்டுகளில் அவர் தொடங்கிய பேச்சு எதையும் முடித்ததாக வரலாறு இல்லை. முடிக்கத் தெரியாமல் அல்ல. முடிக்க விட்டவர் இல்லை. அவர் பேச்சில் சுவை கிடையாது என்று அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடவும் கூடாது. உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்கிற அளவுக்கு இதுவரை எவரும் நின்று கேட்டதில்லை.

அம்பாசமுத்திரத்துப் பக்கமிருந்து அரசு உத்தியோகம் கிடைத்து, இளவயதில் கப்பலேறி அந்தமானுக்கு, சௌல்தாரி என்ற ஊருக்கு வந்தவர். கப்பலிலேயே, பக்கத்துப் படுக்கைக்காரரிடம் தன் வீட்டுக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். பக்கத்துப் படுக்கைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு வாளியைத் தேடி ஓடினார். அது கடலின் குற்றம் என்று அன்று நினைத்துக்கொண்டார். கரையிறங்கிய பிறகும் அதுவேதான் நடந்தது.

அலுவலகத்தில் அவர் ஹெட் கிளார்க். தேநீர் நேரத்தில் ஒரு சம்பவத்தை எடுத்து, அதற்கு மேடை கட்டி, விளக்கேற்றி, ஆட்களை உள்ளே கொண்டுவரும் தறுவாயில் யாராவது ஒருவர், "மெட்ராஸ் கப்பலுக்கு டிக்கெட் விடுறாங்களாம்" என்பார். அந்தமானில் அந்த ஒரு வாக்கியத்துக்கு எதிரே எந்தக் கதையும் நிற்காது. நாற்காலிகள் மட்டும் மிஞ்சும். பேருந்தில் சொன்னால், கேட்பவருக்கு இறங்கும் இடம் வந்துவிடும்; சில சமயம் இறங்கும் இடம் வருவதற்கு முன்பே இறங்கிவிடுவார்கள். வீட்டில் மனைவி சொர்ணம்மா, "சாப்பிட்டுட்டுச் சொல்லுங்க" என்பாள். சாப்பிட்ட பிறகு, "படுத்துட்டுச் சொல்லுங்க" என்பாள். படுத்த பிறகு பதில் இருக்காது. சென்னையில் படிக்கும் மகள் சங்கவி, "அப்பா, நெட்வொர்க் சரியில்ல, அப்புறம் பேசறேன்" என்பாள். கடலுக்கடியில் கேபிள் போட்டு நெட்வொர்க் கண்ணாடி மாதிரி ஆன பிறகும் அவள் அதே வாக்கியத்தைத்தான் சொல்லிவருகிறாள்.

இப்படியிருக்கையில் அலுவலகத்தில் ஒரு பேரிடர்ப் பயிற்சி நடந்தது. ஹாம் ரேடியோ என்று ஒன்றைக் காட்ட ஒருவர் வந்திருந்தார். புயலில் எல்லாக் கம்பியும் அறுந்தாலும் இந்தப் பெட்டி பேசும் என்றார். எல்லாரும் பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, பேச்சோடு பேச்சாக, அவர் இன்னொன்றும் சொன்னார். உலகத்து ஹாம்காரர்கள் ஒவ்வொரு தேசமாகத் தொடர்புகொண்டு கணக்குச் சேர்க்கிறார்களாம். அவர்கள் கணக்கில் அந்தமான் தனித் தேசமாம். இங்கிருந்து பேசுகிறவர்கள் அபூர்வம். "இங்கே உக்காந்து ஒருத்தர் ஸ்விட்சை அமுக்கினா, உலகமே வரிசையில நின்னு அவரோட பேசத் துடிக்கும்" என்றார்.

ஆவுடையப்பன் கையிலிருந்த பிஸ்கட் தேநீருக்குள் விழுந்தது.

உலகம். வரிசையில். நின்று. துடிக்கும்.

தேர்வு எழுதினார், தோற்றார், மறுபடி எழுதினார். உரிமம் வந்தது. பெட்டியும் கப்பலில் வந்து சேர்ந்தது. சொர்ணம்மா பெட்டியைப் பார்த்துவிட்டு, "இதுல பாட்டு வருமா?" என்றாள்.

"வராது. நான் பேசுவேன். அவங்க கேப்பாங்க."

"யாரு?"

"எல்லாரும்."

சொர்ணம்மா முந்தானையால் பெட்டியின் தூசியைத் துடைத்தாள். "பாவம்" என்றாள். யாரைச் சொன்னாள் என்று அவர் கேட்கவில்லை.

மீதியிருந்தது ஆன்டெனா ஒன்றுதான். அது வெறும் கம்பி. அதன் நடுப்பகுதி உயரத்தில் தொங்க வேண்டும், இரண்டு முனையும் இரண்டு பக்கம் சரிந்து இறங்க வேண்டும், அவ்வளவுதான். உயரத்துக்குக் குறைவில்லை. வீட்டின் பின்புறம், வேலியை ஒட்டி ஒரு குர்ஜன் மரம் நின்றது. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும், உச்சி தெரியாது. முதல் கவட்டையே மூன்று மாடி உயரத்தில். அந்தக் கவட்டையின் மேலாக ஒரு கயிற்றைப் போட்டு, ஒரு முனையில் கம்பியைக் கட்டி, மறுமுனையை அந்தப் பக்கமிருந்து இழுத்தால் உலகம் வரிசைக்கு வந்துவிடும்.

கயிற்றைப் போடுவதுதான் பாடு.

முதலில் கல்லைக் கட்டி எறிந்தார். கல், நியூட்டன் சொன்னதை மதித்துத் தலைக்கே திரும்பி வந்தது. கவட்டைவில் வாங்கினார், அதில் கல் ஒழுங்காகப் போயிற்று, ஆனால் நூல் கூடப் போக மறுத்தது. தூண்டில் கம்பை வீசியதில் கொக்கி போய்ச் சொர்ணம்மாவின் கொடியில் கிடந்த நைட்டியைப் பிடித்தது. அந்தத் தீவில் அவர் தூண்டிலில் சிக்கிய பெரிய பொருள் அதுதான். ட்ரோன் வைத்திருந்த கல்யாண வீடியோக்காரர் ஒருவரைக் கேட்டபோது, "நேவி வந்து உங்களையும் தூக்கும், என்னையும் தூக்கும்" என்று போனை வைத்துவிட்டார். கடைசியாகத் தென்னை ஏறுகிறவரை அழைத்துவந்தார். அவர் குர்ஜனைச் சுற்றி வந்து, கட்டிப்பிடித்துப் பார்த்தார். கைகள் பாதிச் சுற்றுக்குக்கூட எட்டவில்லை.

"மேலே தேங்காய் இருக்கா?" என்றார்.

"இல்லையே."

"அப்போ எதுக்கு ஏறணும்?"

அதற்கு ஆவுடையப்பனிடம் விளக்கம் இருந்தது. நீளமான விளக்கம். "அதாவது, ரேடியோ அலையைத் திருப்பி விடுற அயனிமண்டலம்னு வானத்துல ஒண்ணு..." என்று தொடங்கும்போது தென்னை ஏறுகிறவர் தெருமுனையில் இருந்தார்.

இங்கே வேலிக்கு அந்தப் பக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்தப் பக்கம் ஜமீல். அபர்தீன் பஜாரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். குர்ஜன் ஆவுடையப்பனுடையது, ஆனால் அதன் நிழல், சருகு, முறிந்த சுள்ளி எல்லாம் ஜமீல் பக்கம்தான் விழும். வெயில் காலத்தில் குர்ஜன் விதை இரண்டு சிறகோடு சுற்றிச் சுற்றி இறங்கி, ஜமீலின் மனைவி மெஹருன்னிசா காயப்போட்ட கருவாட்டில் உட்காரும். ஒருநாள் ஜமீல் வேலியருகே வந்து, "மரம் ஒங்களது, குப்பை மட்டும் எங்களதா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

ஆவுடையப்பன் மகிழ்ந்துபோனார். யாரும் அவரைக் கேள்வி கேட்டதில்லை. "நல்லாக் கேட்டீங்க பாய். இந்த விதைக்கு ரெண்டு றெக்கை எதுக்குன்னா..." என்று ஆரம்பித்தார். ஜமீல் உள்ளே போய்விட்டார்.

அன்று முதல் ஜமீலோடு பேச்சு கிடையாது. விளக்கத்தின் நடுவில் எழுந்து போகிறவரோடு பேச்சு வைத்துக்கொள்வதில்லை என்பது கொள்கை. அதைக் கறாராகக் கடைப்பிடித்தால் தீவில் யாரோடும் பேச முடியாது என்பதால், ஜமீல் ஒருவருக்கு மட்டும் அமல்படுத்தினார்.

செராங் கிருஷ்ணமூர்த்தியைப் பிடித்துக் கொடுத்தது பேருந்துதான்; பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தார். செராங் என்றால் கப்பலில் தளத்து ஆட்களுக்குத் தலைவர். கிருஷ்ணமூர்த்தி தீவிலேயே பிறந்து, தீவுக்குத் தீவு ஓடும் கப்பல்களில் ஆயுள் முழுக்கக் கயிறு வீசி ஓய்வு பெற்றவர். கப்பல் துறையை நெருங்கும்போது, முனையில் கனமான முடிச்சுப் போட்ட மெல்லிய கயிற்றை முதலில் கரைக்கு வீசுவார்கள். கரையிலிருப்பவர் அதைப் பிடித்து இழுத்தால், அதன் வாலில் பருத்த வடம் வரும். வடத்தைக் கரைத்தூணில் மாட்டினால் கப்பல் நின்றது என்று அர்த்தம். காற்றிலும் மழையிலும் அந்த முதல் கயிற்றை இவர் தவறவிட்டதே இல்லை என்பார்கள். அவரும் அப்படித்தான் சொல்வார்.

வந்தார். குர்ஜனை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்கேருந்து வீசணும்?"

"இங்கேருந்துதான். தரையிலருந்து."

"தரையிலே நிக்கிறவன் கயிறு வாங்குவான், பாபு. வீசறது கப்பல்லேருந்து. கப்பல் எங்கே?"

ஆவுடையப்பன் தன் மனையைச் சுற்றிப் பார்த்தார். வாழை இருந்தது, பாக்கு இருந்தது, கோழிக்கூண்டு இருந்தது. கப்பல் இல்லை. செராங்கே மனமிரங்கி, மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி நிற்கும் மேடையைக் கப்பலின் மூக்கு என்று ஏற்றுக்கொண்டார். அதன்மேல் ஏறி, காலை அகட்டி, ஆட்டிப் பார்த்தார்.

"டாங்கியிலே தண்ணி எவ்ளோ?"

"பாதி இருக்கும்."

"பாதிப் பாரத்துலே கப்பல் ஆடும். ரொப்புங்க."

கீழேயிருந்து சொர்ணம்மா குரல் கொடுத்தாள். "குழாயில தண்ணி வாரதே நம்ம அதிர்ஷ்டம். இந்தக் கப்பலுக்கு நான் குடத்துல மொண்டு ஊத்தணுமாக்கும்?"

ஊற்றினாள். உலகம் வரிசையில் நிற்பதற்காக, அடுத்த தெருக் கிணறு வரைக்கும் அவள் நடந்தாள் என்பதை எந்த நாட்டு ஹாம்காரரும் இன்றுவரை அறியார்.

செராங் கயிற்றைச் சுருட்டிப் பாதியை இடக்கையிலும் பாதியை வலக்கையிலும் வைத்தார். ஒரு முறை பின்னால் ஆட்டினார். விட்டார். சுருள் சுருளாக அவிழ்ந்துகொண்டே போன கயிறு, குர்ஜனின் கவட்டைக்கு ஒரு சாண் மேலாகத் தாண்டி, சந்தேகத்துக்கு இடமில்லாமல் அந்தப் பக்கம் இறங்கியது. ஜமீல் வீட்டுத் தோட்டத்தில் தொப்பென்று சத்தம் கேட்டது. ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஜப்பான் கவட்டை வரை வந்துவிட்டது மாதிரி இருந்தது.

செராங் காதைக் கொடுத்து நின்றார். பிறகு கேட்டார்: "யாரு வாங்கினது?"

"யாரும் வாங்கல. விழுந்துட்டுதுல்லா, அது போதும்."

செராங் கயிற்றைத் திரும்ப இழுக்க ஆரம்பித்தார்.

"யோவ் செராங்கே, என்ன காரியம் பண்ணுதீரு. விடும், விடும்."

"வாங்க ஆள் இல்லாம விழுந்தா அது கயிறு இல்லே, பாபு. கச்ரா, வெறும் குப்பை. முப்பது வருஷ சர்வீஸ்லே கரை ஆள் இல்லாம நான் ஒரு கயிறு விட்டதில்லே. ஒருதரம் ரங்கத் துறையிலே, நல்ல மழை, கரையிலே ஒரு குஞ்சு இல்லே..."

"அதெல்லாம் இருக்கட்டும்" என்றார் ஆவுடையப்பன்.

செராங் கதையை நிறுத்தினார். கயிறு மொத்தமும் மேடைக்கு வந்து சேர்ந்திருந்தது. "கரை ஆளைக் கூப்பிடுங்க. வீசறேன். சம்ஜா?"

கரை ஆள் என்றால் ஜமீல். வேறு வழியில்லை. கரை அவருடையது.

சொர்ணம்மா வேலியருகே போய், "மெஹரு" என்று கூப்பிட்டாள். மெஹருன்னிசா போய் ஜமீலைக் கூப்பிட்டாள். ஜமீல் கைலியை இறுக்கிக்கொண்டு வந்தார். ஆவுடையப்பனும் இறங்கி வந்தார். இருவரும் பேசுவதில்லையாதலால் செராங் வேலி ஓரமாக நடுவில் நின்றார்.

"அந்தக் கயித்தைப் பிடிச்சு இழுத்துக் கட்டணும்னு சொல்லும்" என்றார் ஆவுடையப்பன், செராங்கிடம்.

"கயித்தைப் பிடிச்சு இழுத்துக் கட்டணுமாம்" என்றார் செராங், தமிழைத் தமிழில் பெயர்த்து.

"நான் எதுக்குக் கட்டணும்னு கேளுங்க" என்றார் ஜமீல்.

"எதுக்குன்னு கேக்கறார்."

"அதாவது, அயனிமண்டலம்னு..." என்று ஆவுடையப்பன் தொடங்க, ஜமீல் ஒரு காலைத் தூக்கி வீட்டுப் பக்கம் வைத்தார். செராங் அவசரமாகக் குறுக்கே விழுந்தார்.

"சேட், நான் சொல்றேன். இது கரை ஆள் வேலை."

ஜமீலின் கால் நின்றது. "வேலையா, பதவியா?"

"பதவி."

ஜமீல் யோசித்தார். அவர் இருந்த தெருவில் ஒருவர் மின்வாரியம், ஒருவர் பொதுப்பணி, ஒருவர் வனத்துறை. அவரை விட்டால் நாய் ஒன்று மட்டும்தான் சர்க்கார் ஊழியம் இல்லாதது; அதுவும் ரேஷன் கடை வாசலில் படுத்து நாளடைவில் நிரந்தரமாகிவிட்டது. இத்தனை வருஷமும் குண்டானும் கரண்டியும் விற்று, யார் பெயருக்குப் பின்னாலும் வரும் ஒரு பொறுப்பு தன் பெயருக்குப் பின்னால் வராமலே போய்விட்டதே என்று அவருக்கு ஒரு குறை.

"யாருக்குக் கீழே?" என்றார்.

"யாருக்கும் கீழே இல்லே. கயிறு கரையிலே விழுந்த பிறகு, கேப்டன்கூட கரை ஆள் கையைத்தான் பாக்கணும். அவர் அவுத்தாத்தான் கப்பல் நகரும்."

"கேப்டன் யாரு, அண்ணாச்சியா?"

"ஆமா."

"அப்ப சரி" என்றார் ஜமீல்.

உள்ளே போனவர் விசிலோடு திரும்பி வந்தார். கடையில் குழந்தைகளுக்கு விற்பது, பச்சை நிறம். அவர் அதை ஊத, செராங் தொட்டி மேடையிலிருந்து வீச, கயிறு முன்பு போன அதே வழியில் போய் அந்தப் பக்கம் இறங்கியது. ஜமீல் பிடித்தார். இழுத்தார். மெல்லிய கயிற்றின் வாலில் பருத்த கயிறு கவட்டையைத் தாண்டிப் போயிற்று. ஆவுடையப்பன் அதன் நுனியில் கம்பியைக் கட்டினார். ஜமீல் விசில் ஊதி ஊதி இழுக்க, ஆன்டெனா அசைந்து ஆடி உயரே ஏறியது. கயிற்றைக் கட்டிவைத்த, மெஹருன்னிசா துணி காயப்போடும் சிமெண்டுத் தூண், அன்றிலிருந்து துறைமுகச் சொத்தானது.

"இறுக்கிக் கட்டாதீங்க, சேட்" என்று மேலேயிருந்து செராங் ஆணையிட்டார். "ஏத்தம் வத்தம் பாத்துக்கணும். தண்ணி ஏறினா இழுத்துக் கட்டணும். வத்தினா விட்டுக் கொடுக்கணும். இல்லேன்னா வடம் அறுந்திரும்."

"மரத்துக்கு ஏதுவே ஏத்தமும் வத்தமும்?" என்றார் ஆவுடையப்பன். "கடல் இங்கேருந்து மலைக்கு அந்தப் பக்கம்லா இருக்கு."

செராங் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "கயிறு கட்டியாச்சுல்லே?"

அதற்குமேல் வாதமில்லை. கரை ஆளும் செராங் சொல்லைத் தட்டுகிறவர் இல்லை. மறுநாளிலிருந்து ஜமீல் கடைக்கு வரும் மீன்காரர்களிடம் கடல் நிலவரம் கேட்டுவைத்துக்கொண்டார். கடலில் தண்ணீர் ஏறினால் சௌல்தாரியில் ஆன்டெனா ஏறும். கடலில் வற்றினால் சௌல்தாரியில் ஆன்டெனா தாழ்ந்து, பாக்கு மரத் தலையில் படுக்கும். ஒவ்வொரு முறையும் பச்சை விசில் கேட்கும். மெஹருன்னிசா ஒருநாள், "பொண்டாட்டிக்கு ஒரு கொடிக்கயிறு இழுத்துக் கட்டித் தந்ததில்ல, வானத்துக்குக் கட்டுறாரு" என்று சொர்ணம்மாவிடம் வருத்தப்பட்டாள்.

ஆவுடையப்பன் முதல்முறையாகப் பெட்டியின் முன் உட்கார்ந்தது ஒரு சனிக்கிழமை மாலை, நல்ல ஏற்றத்தில். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஸ்விட்சை அமுக்கி, உரிமத்தோடு வந்த தன் அழைப்புக்குறியைச் சொன்னார். விரலை எடுத்தார்.

பெட்டி வெடித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார். ஆயிரம் தொண்டைகள் ஒரே சமயத்தில் தங்கள் பெயரைக் கத்தின. ஜப்பான் கத்தியது. இத்தாலி கத்தியது. போலந்து கத்தியது. எந்த நாடென்று தெரியாத ஒருவர் அழுகிற மாதிரி இருந்தது. பயிற்சிக்காரர் பொய் சொல்லவில்லை. உலகம் வரிசையில் நின்றது. வரிசையில் என்றால் ரேஷன் கடை வரிசை மாதிரி.

ஒசாகாவிலிருந்து ஒருவரைத் தேர்ந்து கூப்பிட்டார். "வணக்கம் ஐயா. என் பெயர் ஆவுடையப்பன். நான் தெற்கு அந்தமானில் சௌல்தாரி என்ற இடத்தில்..." என்று ஆங்கிலத்தில் எடுத்தார்.

"ஃபைவ் நைன், நன்றி" என்றார் ஒசாகா. போய்விட்டார்.

இத்தாலியின் போலோன்யாவைக் கூப்பிட்டார். "ஃபைவ் நைன், நன்றி." போலந்தின் கிராக்கோவைக் கூப்பிட்டார். "ஃபைவ் நைன்." நன்றிகூட இல்லை.

ஃபைவ் நைன் என்பது ஹாம்காரர்களின் மதிப்பெண். ஐந்து என்றால் நீ பேசுவது தெளிவாகப் புரிகிறது. ஒன்பது என்றால் பலமாகக் கேட்கிறது. நீ பேசுவது அருமையாகக் கேட்கிறது என்று சொல்லிவிட்டு, பேசுவதைக் கேட்காமல் போய்விடுவது. சொர்ணம்மாவுக்குக்கூட இந்தத் துணிச்சல் வந்ததில்லை. அவள் தூங்கிவிடுவாள், அவ்வளவுதான். தூங்குமுன் மதிப்பெண் போட்டதில்லை.

ஆவுடையப்பன் இன்னும் கொஞ்சம் முயன்றார். பெயரை எழுத்துக் கூட்டினார். இரண்டாம் எழுத்துக்குள் ஆள் இருக்கமாட்டார். வானிலையைச் சொன்னார், மழைக்கு முன்பே போய்விடுவார்கள். கப்பல் டிக்கெட் என்ற வாக்கியம் இல்லாமலே உலகம் முழுவதும் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்தது. ஹெட் கிளார்க் நிமிர்ந்தார் என்று சொல்லலாம். அவர் கூப்பிட்டால்தான் யார் கணக்கிலும் அந்தமான் சேரும்; கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருப்பது தான் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

ஸ்விட்சை அமுக்கினார்.

"எல்லா நிலையங்களும் கவனிக்கவும். முதலில் ஒரு கதை. அதை முழுக்கக் கேட்டவர்களுக்கு மட்டும் ஃபைவ் நைன்."

விரலை எடுத்தார். பெட்டியில் வெறும் இரைச்சல். போய்விட்டார்களோ என்று பயந்தார். பிறகு ஒசாகாவில் புதிதாக ஒருவர், மெல்ல, "கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றார். "கேட்கிறேன்." "கேட்கிறேன்." "இத்தாலி கேட்கிறது."

ஆவுடையப்பன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். சொர்ணம்மா கொண்டுவந்து வைத்த காப்பியைக் குடித்தார். எதைச் சொல்வது? மனதில் கொதித்துக்கொண்டிருந்தது ஒன்றுதான். குர்ஜன் மரத்தில் கயிறு போட்ட கதை. ஆரம்பித்தார். கல் தலைக்குத் திரும்பி வந்ததைச் சொன்னார். போலந்தில் யாரோ சிரித்தார். நைட்டியைச் சொல்லவில்லை. தொட்டியில் தண்ணீர் நிரப்பியதைச் சொன்னார். விதை விஷயத்தையும், இடையில் எழுந்து போகிற பக்கத்து வீட்டுக்காரரையும் கொஞ்சம் காரம் கூட்டியே சொன்னார். கவட்டையைத் தாண்டிய கயிற்றைச் செராங் திரும்ப இழுத்த இடம் வந்தபோது இத்தாலிக்காரர் பொறுக்க முடியாமல் ஏதோ சொன்னார். கெட்ட வார்த்தை போலிருந்தது. ஆவுடையப்பனுக்கு மெய்சிலிர்த்தது. அவருடைய கதைக்கு உலகத்தில் முதல்முறையாக ஒருவர் கெட்ட வார்த்தை சொல்கிறார்.

"கரை ஆளைக் கூப்பிடு என்றார் செராங். கரை ஆள் யார் தெரியுமா? அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்தான். நான் அவரிடம்..."

வெளியே பச்சை விசில் கேட்டது.

கடலில் வற்றம் தொடங்கிவிட்டது. ஆன்டெனா பாக்கு மரத்துக்குள் இறங்கியது. பெட்டியில் இத்தாலி தேய்ந்தது. "சிக்னல் போகிறது" என்றது ஒசாகா. "மறுபடி சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்தார்? மறுபடி, மறுபடி..." அப்புறம் அதுவும் கேட்கவில்லை.

ஆவுடையப்பன் வேலிக்கு ஓடினார். நடுவில் செராங் இல்லை. கொள்கையை ஒத்திவைத்தார்.

"பாய், கயித்தை ஏத்துங்க. சட்டுனு ஏத்துங்க."

ஜமீல் தூணருகே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "வத்தம் அண்ணாச்சி. விடத்தான் செய்யணும். செராங்கு உத்தரவு."

"உலகம் கேட்டுட்டு இருக்கு பாய். கதையில பாதியில நிக்கேன்."

"என்ன கதை?"

"கயிறு போட்ட கதை."

"அதுல நான் வாரேனா?"

ஆவுடையப்பன் வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டார். "வாரீங்க."

ஜமீல் முக்காலியை வேலியருகே நகர்த்திப் போட்டு உட்கார்ந்தார். "சொல்லுங்க. கேட்டுட்டு முடிவு பண்றேன்."

ஆவுடையப்பன் சொன்னார். முதலிலிருந்து சொன்னார். ஜமீல் அசையவில்லை. இறங்கவேண்டிய இடம் வரவில்லை, டிக்கெட் விடவில்லை, தூக்கம் வரவில்லை. தன்னைப் பற்றிய கதையின் நடுவில் எழுந்து போன மனிதன் இந்தப் பூமியில் இல்லை. விதைத் தகராறு வந்ததும் ஜமீல் கையைத் தூக்கினார்.

"அது வேணாம். எடுத்துருங்க."

"நடந்துச்சே பாய்."

"நடந்துச்சு. ஜப்பான்காரனுக்கு எதுக்கு? நம்ம வீட்டுக் கருவாடு பத்தி அவன் என்ன நினைப்பான்?"

எடுத்தார்.

"கயிறு விழுந்துச்சு, நான் பிடிச்சேன்னு ரெண்டு வார்த்தையில முடிச்சிட்டீங்க. காத்துல ஒரு பக்கமா போயிட்டிருந்த கயித்தை, நான் எகிறிப் பிடிச்சேன்ல."

"எகிறுனீங்களா?"

"கயிறு யாரு கையில இருக்கு அண்ணாச்சி?"

எகிறினார் என்று வைத்துக்கொள்ளப்பட்டது. மரம் இரண்டு வீட்டுக்கும் பொது என்றும், யோசனையே ஜமீலுடையது என்றும், செராங்கின் கை நடுங்கியபோது கீழேயிருந்து தைரியம் சொன்னது அவர்தான் என்றும் அடுத்தடுத்துத் திருத்தங்கள் வந்தன. ஆவுடையப்பன் அலுவலகத்தில் எத்தனையோ வரைவுகளை மேலே அனுப்பித் திருத்தம் வாங்கியவர். பழகிய கழுத்து தானாக ஆடியது.

"இப்பச் சரியா இருக்கு" என்றார் ஜமீல். "ஒரே ஒரு தடவை, விசேஷ உத்தரவா ஏத்துறேன். கட்டமாட்டேன், கையில பிடிச்சிட்டு நிப்பேன். சீக்கிரம் முடிங்க." விசில் ஊதி இழுத்தார்.

ஆவுடையப்பன் பெட்டிக்குத் திரும்பினார். உலகம் அங்கேயே நின்றது. அபூர்வமான தேசம், அவ்வளவு சுலபமாகப் போய்விடுவார்களா? ஒப்புதல் பெற்ற வடிவத்தை முதலிலிருந்து சொன்னார். முடிவு வரை சொன்னார். முடிவு என்றால் ஜமீல் ஒரு கையால் கயிற்றைப் பிடித்தபடி, வற்றுகிற கடலை எதிர்த்து நிற்கும் இடம். சொல்லி முடித்து, ஸ்விட்சிலிருந்து விரலை எடுத்தார். தொடங்கியதை முடித்துவிட்டார்.

"அற்புதமான கதை" என்றது ஒசாகா. "ஃபைவ் நைன். வாழ்த்துகள், ஜமீல்."

"இல்லை, என் பெயர் ஆவு..."

"நன்றி ஜமீல், ஃபைவ் நைன்" என்றது இத்தாலி, உணர்ச்சிவசப்பட்டு.

"ஜமீல், ஜமீல், ஃபைவ் நைன்" என்றது போலந்து. பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். ஃபின்லாந்தில் ஒருவர் ஜமீலின் கை வலிக்கிறதா என்று விசாரித்தார். எல்லாருக்கும் ஆவுடையப்பன் ஃபைவ் நைன் கொடுத்தார். சொன்னபடி செய்ய வேண்டும் அல்லவா.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஜமீல் கூப்பிட்டார். அவ்வளவு தூரத்துக்குப் பெட்டி கேட்காது. "அண்ணாச்சி, என்னவாம்? என்ன சொல்றாங்க?"

ஆவுடையப்பன் ஜன்னலுக்கு வந்தார். கயிற்றோடு சாய்ந்து நின்ற கரை ஆளைப் பார்த்தார்.

"நல்லாக் கேக்குதாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் பாய். கயித்தை விட்டுராதீங்க."